பதின்மூன்று சுற்றும் பத்து அங்குலமும்

மோட்டார் விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. இன்றும் உண்டு. திருச்செங்கோட்டில் முப்பது வருஷமாக போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறேன். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே, வோல்டேஜ் குறைந்து எரிந்ததா, தண்ணீர் இல்லாமல் ஓடி எரிந்ததா என்று சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் கடைக்கு வந்து சோதித்துப் பார்க்கலாம்.

என் மனைவியின் தம்பி ரிக் வண்டியில் டிரில்லர். ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவன். போன தடவை ஆறு மாத விடுப்பில் வந்தவன், தெர்மகோல் பலகையை அறுத்து ஒட்டி, நாலடி அகல இறக்கையோடு ஒரு பேட்டரி விமானம் செய்தான். நான்கு மாத வேலை. ரிமோட்டில் ஓட்டுவதற்குச் சேலத்தில் ஒரு நண்பரிடம் பழகியும் வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை அவன் கிளம்ப வேண்டும். போனால் இரண்டு வருஷம். கிளம்புவதற்குள் ஒரு தடவை தான் செய்ததைத் தன் கையாலேயே பறக்கவிட்டுவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. மோட்டாரை மட்டும் என்னை நம்பிக் கொடுத்தான்.

எலுமிச்சம்பழ அளவு மோட்டார். அதன்மேல் ஆயிரம் என்று போட்டிருந்தது. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் ஆயிரம் தடவை சுற்றும் என்று அர்த்தம். கூட வந்த காகிதத்தில் பத்து அங்குல புரொபெல்லர் போடு, ஆம்பியர் இருபதைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. காகிதத்தைப் பார்த்து வேலை செய்கிறவனா நான்? ஏரியில் நாலு பேர் பார்க்கும்போது விமானம் சீறிக்கொண்டு போக வேண்டாமா? மோட்டாரைப் பிரித்தேன். உள்ளே இருந்த இரும்புப் பற்களில், பல்லுக்குப் பதின்மூன்று சுற்று கம்பி இருந்ததை நோட்டில் குறித்துக்கொண்டேன். எண்ணாமல் எந்தக் காயிலையும் நான் உருவியதில்லை. அதைப் பத்துச் சுற்றாகக் குறைத்துத் தடித்த கம்பியில் கட்டினேன். சுற்றுக் குறைந்தால் வேகம் கூடும். போதாததற்குப் பதினோரு அங்குல புரொபெல்லரையும் எடுத்து வைத்தேன்.

மச்சினன் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க தொளை போடற பிட்டு பெருசாப் போட்டா மெதுவாத்தானுங்க சுத்துவோம். நீங்க ரெண்டையும் ஏத்திப்போட்டீங்களே?”

“மாப்ள, நீ குழி போடறவன். மோட்டாரு எம்பட வேலை,” என்றேன்.

அக்கா வீட்டுக்காரரிடம் எதிர்த்துப் பேச அவனுக்கு வராது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். கட்டி முடித்த மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, பம்ப் மாட்டாமல் வெறுமனே ஓட்டுவோம். ஆம்பியர் சரியாக இருந்தால் வேலை முடிந்தது. பம்ப் அவரவர் தோட்டத்தில் கிடக்கிறது, அது என் கவலை இல்லை. அதே கைப்பழக்கத்தில் இந்தக் குட்டி மோட்டாரையும் புரொபெல்லர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஆம்பியர்கூட இழுக்கவில்லை. “தங்கம்” என்று சொல்லி அவன் கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை வற்றிக் கிடந்த ஏரியில் புரொபெல்லரை மாட்டி முழு வேகம் கொடுத்தான். விமானம் பத்தடி ஓடியது. புகை தெரிவதற்கு முன்பே எனக்கு வாசனை வந்துவிட்டது. வார்னிஷ் எரியும் வாசனை. எதனால் எரிந்தது என்று அன்றைக்கு முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை.

அவன் விமானத்தை இடுக்கிக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அவனை நினைத்து வருத்தமாக இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள்.

கடையைத் திறந்து உட்கார்ந்து யோசித்தேன். புரொபெல்லரின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது கேட்கும் சக்தி எட்டு மடங்காகும். அகலம் கூடினால் அதற்கும் மேல். பம்புக்குள் சுற்றும் இம்பெல்லருக்கும் இதே கணக்குதான், எனக்குத் தெரியாததல்ல. முப்பது வருஷமாக மோட்டாரை மட்டுமே கையில் வாங்கிக் கொடுத்து, அதன் மறுமுனையில் ஒன்று மாட்டியிருக்கும் என்பதையே மறந்திருக்கிறேன். இரண்டையும் ஏற்றி, அந்த எலுமிச்சம்பழத்திடம் மூன்று மடங்கு வேலை கேட்டிருக்கிறேன். மச்சினன் இதைத்தான் ஒரே வரியில் சொன்னான்.

கருகிய கம்பியை உருவினேன். காந்தங்கள் தப்பியிருந்தன. நோட்டைப் பார்த்து, பல்லுக்குப் பதின்மூன்று சுற்று பழையபடி கட்டினேன். இந்தத் தடவை விமானத்தை மேஜைக் காலோடு கயிற்றால் கட்டி, புரொபெல்லரோடு ஓட்டி, கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். பதினோரு அங்குலத்துக்கு இருபத்து நான்கு ஆம்பியர் இழுத்தது. பத்து அங்குலத்துக்குப் பதினேழு. காகிதம் எழுதியவன் என்னைவிட விவரமானவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி ஏரிக்குப் போனோம். விமானம் இருபதடி ஓடியது, மூக்கைத் தூக்கியது, ஏறிவிட்டது. சீறவில்லை; தேனீ மாதிரி ஒரே சீராக முனகிக்கொண்டு கரை வேலமரங்களைத் தாண்டித் திரும்பி வந்தது. மச்சினன் ரிமோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான். ஒன்பது நிமிஷம். நான் வானத்தைப் பார்த்ததைவிட அவன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். இறக்கியதும் ஓடிப்போய் மோட்டாரைத் தொட்டான்.

“தொட்டுப் பாருங்க மச்சான். கையெ வெச்சுட்டே இருக்கலாமுங்க.”

தொட்டேன். பால் தம்ளர் சூடுதான் இருந்தது. எந்த மோட்டாரைப் பற்றியும் அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன்.

“நீ சொன்னதுதான் மாப்ள சரி. எம்மேலதான் தப்பு.”

அவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான். “காத்துல செரியாக் கேக்கலீங்க மச்சான். இன்னொருக்காச் சொல்லுங்க.”

அன்றைக்கு ஏரியில் ஒரு வேல இலைகூட அசையவில்லை. இருந்தாலும் நான் இன்னொரு முறை சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.