சுற்றுவட்டத்து நத்தையும் ஐந்து வயது அண்ணாவும்

கறிவேப்பிலைக் கட்டும் கருவாட்டுப் பெட்டியும் வருடம் முழுக்க ஏறி இறங்கிய அந்தச் சாமான் வண்டிக்கு, எங்கள் வாயில் வானுக்கு, எத்தனை தரம் கழுவினாலும் போகாத ஒரு வாசம் இருந்தது. ஓகஸ்ட் வெயிலில் அது கிளம்பி மூக்கில் ஏறினால் எங்கள் விடுமுறை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்பா தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்குச் சாமான் ஏற்றி இறக்கினார். கடை பூட்டும் அந்த ஒரு கிழமைக்கு முதலாளி வானை எங்களிடம் விட்டுவிடுவார். முன்னால் அப்பா, அம்மா, நடுவில் நான், பின்னால் புட்டும் சம்பலும் கட்டிய எவர்சில்வர் சட்டிகள். நாங்கள் குடியிருந்த திரான்சியிலிருந்து புறப்பட்டால் எங்கே போகிறோம் என்று அப்பாவுக்கே தெரியாது.

பெரிய வீதியில் 'பெயாஜ்' என்று வீதிக்காசு கட்ட வேண்டும் என்பதால் அப்பா ஊர்களுக்குள்ளால் போகும் சின்ன வீதிகளையே பிடிப்பார். பிரான்சில் அநேகமாக ஒவ்வொரு ஊர் வாசலிலும் ஒரு சுற்றுவட்டம் இருக்கும். நாங்கள் 'றோம்புவான்' என்போம். அதன் நடுவில் அந்தந்த ஊர் தன் பெருமையை ஊதிப் பெருப்பித்து நட்டு வைத்திருக்கும்: இரண்டு மாடி உயரச் சேவல், ஒரு குடும்பம் குடியிருக்கக்கூடிய சப்பாத்து, எங்கள் வானே உள்ளுக்குள் போய்விடும் போலிருந்த ஒரு கோப்பிப் பாத்திரம். "இவங்களுக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கக் கூடாது, உடனை ஒரு பூதத்தைக் கொண்டுவந்து நட்டுப்போடுவாங்கள்" என்று அப்பா சிரிப்பார். ஒவ்வொன்றிலும் நாங்கள் இறங்குவோம். இறங்கிப் படம் எடுப்போம். அந்தப் படங்கள் எங்களுக்கானவை அல்ல.

அவை என் அண்ணாவுக்கானவை. நான் வயிற்றில் இருக்கும்போது அம்மா வன்னியிலிருந்து வெளிக்கிட்டார். பயண நாள் பார்த்து அண்ணாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் மாறட்டும், பிறகு கூப்பிடலாம் என்று சொல்லி, ஐந்து வயதுப் பிள்ளையைச் சித்தியிடம் விட்டுவிட்டு வந்தார். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. ஒருமுறை 'பப்பியே' என்கிற பத்திரங்கள் சரிவரவில்லை, இன்னொருமுறை பாதை பூட்டு, அதற்கடுத்த முறை சண்டை. அம்மாவிடம் அவனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளைச் சட்டை, வெயிலுக்குக் கூசின கண், செருப்பில்லாத கால்.

எங்கள் சனத்துக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடந்தாலும் படத்தில் ஒன்றாக நிற்க வேண்டும். லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு படக்கடை இருந்தது. கனடாவில் இருக்கும் மகனையும் கொழும்பில் இருக்கும் தகப்பனையும் வெட்டி ஒட்டி, தோளோடு தோள் நிறுத்திக் கொடுப்பார்கள். ஆகவே எந்தச் சேவலுக்கும் சப்பாத்துக்கும் முன்னால் நின்றாலும், அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் விடவேண்டும். ஒருமுறை, ஒட்டி முடித்த படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கடைக்காரரிடம், "தம்பி, காலிலை ஒரு சப்பாத்தும் போட்டு விடுங்கோ. பிள்ளைக்குக் குளிரும்" என்றார். அந்த மனிதர் கணினிக்குள் ஒரு சோடி சப்பாத்துத் தேடினார்.

எனக்கு ஏழு வயதான கோடையில்தான் நத்தையைக் கண்டோம். பச்சை நிறம், வீட்டளவு முதுகு, இரண்டு கொம்பு. அம்மா வானுக்குள்ளேயே பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு இறங்க, போகிற கார்க்காரரெல்லாம் கல்யாணம் என்று நினைத்து 'ஹோர்ன்' அடித்துக் கையாட்டினார்கள். அப்பா கமெராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு 'ஜொந்தாம்' வந்து நின்றார். அப்பாவின் கை தானாகவே சட்டைப் பையிலிருந்த 'கார்த்'துக்கு, வதிவிட அட்டைக்கு, போனது. அந்தப் பொலிஸ்காரரோ, இங்கே நிற்பது ஆபத்து, கெதியாக முடியுங்கள் என்று சொல்லிவிட்டு, தானே கமெராவை வாங்கி அப்பாவையும் எங்களோடு நிற்கச் சொன்னார். பிறகு கையைக் கையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கிட்டக் கிட்ட நிக்கட்டாம்" என்றேன் நான்.

"ஏலாது எண்டு சொல்லு. அண்ணாவுக்கு இடம் வேணும்."

நான் பிரெஞ்சில் சொன்னேன், அதிலே என் அண்ணா நிற்கிறார் என்று. அவர் அந்த வெறும் இடத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னுக்குப் போய், எல்லோரும் படத்தில் விழும்படியாக எடுத்தார்.

அந்தப் படத்தில்தான் நான் முதன்முதலாக அண்ணாவைவிட உயரமாக நின்றேன். அதற்குப் பிறகு வருடா வருடம் நான் வளர்ந்தேன். அவன் அதே வெள்ளைச் சட்டையோடு அதே ஐந்து வயதில் நின்றான். "அக்கா, பிள்ளை இப்ப மீசை முளைக்கிற வயசு. ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோவன்" என்று படக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவேயில்லை. ஊருக்குப் போகிற ஆட்களின் கையில் படங்கள் போயின. ஒரே ஒருமுறை தொலைபேசியில் அண்ணா, "அம்மா, அந்த நத்தை மெய்யோ?" என்று கேட்டாராம். அதை அம்மா வருகிற போகிற எல்லோருக்கும் சொன்னார். பிறகு சண்டை இறுகியது, தொலைபேசியும் நின்றது. அந்த ஓகஸ்டிலிருந்து நாங்கள் எங்கும் போகவில்லை.

வருடங்கள் கழித்து அண்ணா வந்தார். முகாம், காடு, பெயர் தெரியாத ஊர்கள் எல்லாம் கடந்து ஒரு மாரிகாலத்தில் கார் து நோர் நிலையத்தில் ரயிலால் இறங்கினார். மெலிந்து, தாடி வளர்ந்து, முன்தலை வெளித்திருந்த ஒரு மனிதர் நேரே எங்களை நோக்கி நடந்து வர, அம்மாவின் கண் அவரைத் தாண்டிப் பின்னால் வருகிறவர்களிடம் போனது. பெற்ற பிள்ளையை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாதான் அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினார். அண்ணா அதைக் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் படக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். வேலை விஷயமாக நத்தை நின்ற ஊர்ப்பக்கம் போனபோது பார்த்தேன், அதையும் எடுத்துவிட்டார்கள். வீதியை அகட்டி, நடுவில் புல்லு மட்டும் வளர்த்திருக்கிறார்கள். முதலாளி கடையை விற்றுவிட்டார், அப்பாவுக்கு முதுகு வளையாது. அண்ணா வில்லியே லே பெல்லில் அறை எடுத்து இருக்கிறார், உணவகம் ஒன்றில் சமைக்கிறார். லீவு நாளில் வந்து சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வாறன்" என்று எழும்பிப் போவார். சண்டையில்லை, கோபமுமில்லை. பேசுவதற்குத்தான் எங்களிடம் ஒன்றுமில்லை.

போன கிழமை அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழும்பி, சுவரில் வரிசையாகத் தொங்கிய அந்த ஒட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். "இதுகளைப் பாக்க உனக்கு என்னவோ போலைதானே இருக்கும்" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணா சோற்றுக் கையோடு நிமிர்ந்து, படத்தில் நின்ற வெள்ளைச் சட்டைப் பிள்ளையைப் பார்த்தார்.

"விடுங்கோ அம்மா, இருக்கட்டும். அவனாவது உங்களோடை இருந்திருக்கிறான்."