ஐயர் வாசித்த எட்டுக் கடவுச்சொற்கள்

முதுகலைப் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் எனக்கு ஒரு தாள் கொடுத்தது. நல்ல மதிப்பெண்ணோடு இளங்கலை, இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம், எட்டுப் பாடங்கள், ஒரு கருத்தரங்கு, தொடர்ந்து பன்னிரண்டு வாரக் களப்பணி, ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் அப்பா அதை ஒட்டி வைத்தார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவருக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது.

"ரெண்டு பேரு நல்ல பொண்ணுன்னு கடுதாசி குடுத்தாதான் சேப்பாங்களா? படிக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்று சிரித்தார்.

அப்பாவும் அம்மாவும் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இருவருமே பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா லோரி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் நாங்கள் துறைமுகப் பக்கம் குடிவந்தோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டும்.

நான் எடுத்துக்கொண்ட துறை கணினிப் பாதுகாப்பு. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. பக்கத்து வீட்டு ஆன்டி நிஜமான கவலையோடு கேட்டார்: "கம்ப்யூட்டருக்கு ஜாகாவா? காவக்காரன் மாதிரி ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கணுமே, பொம்பளப் புள்ளைக்குச் சரிப்படுமா?" இல்லை ஆன்டி, கணினிக்குள் யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்று பார்க்கும் படிப்பு என்றேன். "அதத்தான் ஜாகாவும் பாக்குறான்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

பாடங்களை முடித்தேன், கருத்தரங்கையும் முடித்தேன். அடுத்தது களப்பணி. ஓர் அலுவலகத்துக்குப் போய் அங்குள்ளவர்களுக்கு நல்ல கடவுச்சொல் அமைக்கக் கற்றுத்தர வேண்டும். பன்னிரண்டு வாரம் அவர்கள் அதைப் பிறருக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறார்களா என்று கவனித்து எழுத வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான் கோலாலம்பூரில் பல நிறுவனங்களின் கதவைத் தட்டினேன். எல்லாரும் மரியாதையாக மறுத்தார்கள். கடைசியில் அப்பா தான் லோரி ஓட்டும் கம்பெனி முதலாளியிடம் பேசினார். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்கத்தில் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் கம்பெனி அது. பண்டமாரானிலேயே இருந்த அதன் அலுவலகத்தில் எட்டுக் கணினிகள் இருந்தன.

முதல் நாள் போய்ப் பார்த்தபோது எட்டுக்கும் ஒரே கடவுச்சொல். முதலாளியின் கார் எண். மறந்துவிடாமல் இருக்க அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆய்வு செய்ய இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

முதலாளி உட்பட எட்டுப் பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் ஆங்கிலத்தில் எடுங்கள். நடுவில் இரண்டு எண்களைச் சேருங்கள். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த அக்கா ஒருவர், "இவ்ளோ பத்திரமா வைக்கணுமா, மா?" என்று கேட்டார். "அக்கா, இது லோரி சாவி மாதிரி. லோரி சாவிய ரோட்டுல போறவங்க கையில குடுப்பீங்களா?" என்றேன். அந்த உவமை எனக்கே பிடித்திருந்தது. வாசலில் மற்ற டிரைவர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஒன்பது வாரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் போயிற்று. பத்தாவது வாரத்தில் ஆயுத பூசை வந்தது.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூசைக்குப் பெரிய தட்டு அலங்கரிப்பது வருஷா வருஷம் அப்பாவின் பொறுப்பு. லோரி சாவிகள், ஸ்பானர்கள், டயர் கழற்றும் கம்பி, கிடங்குச் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன் அடுக்குவார். அந்த வருஷம் பூசை நாள் மத்தியானம் அவர் அலுவலகத்துக்குள் போய் ஒவ்வொரு மேசையாக நின்றிருக்கிறார். நான் அப்போது கோலாலம்பூரில் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன். நடந்ததை அக்கா பிறகு நடித்தே காட்டினார்.

"மக சொல்லிச்சில்ல, பாஸ்வர்டும் சாவிதான்னு? எழுதிக் குடுங்க, தட்டுல வைப்போம்."

"அண்ணே, எழுதவே கூடாதுன்னு தங்கச்சி சொல்லுச்சே."

"மத்தவங்க படிச்சிருவாங்கன்னுதான அப்படிச் சொல்லிச்சு? எனக்குத்தான் படிக்கவே தெரியாதே லா. என்கிட்ட குடுக்க என்ன பயம்?"

எட்டுப் பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூசை தொடங்கியிருந்தது. லோரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் கூடியிருந்தார்கள். தட்டில் சாவிகளுக்கு நடுவே மடித்த சீட்டுகள் தெரிந்தன. அர்ச்சனைக்குப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பூசை செய்ய வந்த ஐயரும் அப்படித்தான் நினைத்தார்.

முதல் சீட்டைப் பிரித்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, அந்த அழகான குரலில் இழுத்து வாசித்தார்: "எம்... கே... பி... ஏழு... நாலு... டபிள்யூ..." நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"ரோகிணி!" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. பழக்கம்! தன் சீட்டு என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

இரண்டாவது சீட்டின்போது எனக்குச் சந்தேகம் தட்டியது. மூன்றாவதில் சந்தேகமே இல்லை. பூசையை நிறுத்தச் சொல்லலாம் என்று ஓரடி வைத்தேன். சூடம் ஏற்றியாயிற்று, எல்லாரும் கை கூப்பி நிற்கிறார்கள், அப்பா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எட்டுக் கடவுச்சொல்லும், எட்டு நட்சத்திரங்களோடு, பண்டமாரான் முழுக்கக் கேட்டது. கடைசிச் சீட்டு முதலாளியுடையது. அதை வாசித்ததும் கூட்டமே சிரித்துவிட்டது. மனிதர் தன் கடவுச்சொல்லை மாற்றவே இல்லை. அதே கார் எண்.

பூசை முடிந்ததும் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வாரம் தொடர்ந்து நடக்க வேண்டிய களப்பணி பத்தாவது வாரத்திலேயே உடைந்துபோனது. ஏற்கெனவே ஒரு தவணை நீட்டிப்பு வாங்கியவள் நான். இரண்டாம் முறை தரமாட்டார்கள் என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார்கள். களப்பணி செல்லாது என்றால் பட்டமும் இல்லை.

அக்கா வந்து சுண்டல் தட்டைக் கையில் வைத்தார். "இன்னிக்கே எல்லாரும் மாத்திடுறோம் மா. நீ ஒன்னும் எழுதாத. ஐயரா வந்து சாட்சி சொல்லப் போறாரு?"

அப்பா கொஞ்ச தூரத்தில் நின்றார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். "நான் கெடுத்துட்டேனா பாப்பா?"

"இல்லப்பா. லோரி சாவி மாதிரின்னு நான்தான் சொன்னேன். நீங்க லோரி சாவிய என்ன செய்வீங்களோ அதத்தான் செஞ்சீங்க."

அவரைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அது உண்மை என்று தெரிந்தது. பாடம் நடத்தியதில் பிழை என்னுடையது. அதை மறைத்து ஆய்வேடு எழுதினால், நான் கண்டுபிடித்ததில் மிக முக்கியமானதையே விட்டுவிட்டு எழுதியதாக ஆகும்.

கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாரும் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு நின்றார்கள். ஒருவரும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகத்துக்குள் ஓடி ஒரு கட்டுக் காகிதமும் பேனாக்களும் எடுத்து வந்தேன். "அண்ணே, ஐயர் வாசிச்சதுல ஞாபகம் இருக்கிறத எழுதிக் குடுங்க. யாரும் யாரையும் பாத்து எழுதக் கூடாது."

"பரீட்சையா?" என்று பக்கத்துக் கம்பெனி டிரைவர் ஒருவர் பின்வாங்கினார். "நான் பரீட்சைக்குப் பயந்துதானே ஸ்கூல விட்டு ஓடிவந்தேன்!"

ஆனாலும் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் என் காதில் வந்து சொன்னார்கள். தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்தபடி அமைத்த ஏழு கடவுச்சொற்களில் ஒன்றைக்கூட ஒருவராலும் முழுதாக எழுத முடியவில்லை. ஐயரிடமும் கேட்டேன். "அது ஏதோ வாயில நுழையாத பேருங்கம்மா" என்றார். முதலாளியின் கார் எண்ணை மட்டும் எல்லாருமே தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். முதலாளியிடம் தாள்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். "சரி மா, மாத்திடுறேன்" என்றார். அவர் காது சிவந்திருந்தது.

சாயங்காலமே எட்டுப் பேரும் கடவுச்சொல்லை மாற்றினார்கள். நான் நடந்தது அத்தனையையும் புதிய அத்தியாயமாக எழுதினேன். என் மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. வாசித்துவிட்டு, சிரித்ததில் நீர் வந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ செய்தது சரி. ஆனால் பன்னிரண்டு பத்தாகிவிட்டது. தேர்வாளர்கள் ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது" என்றார்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் வயதான சீனர். சிரிக்காத முகம். "நிபந்தனை பன்னிரண்டு வாரம். உங்களிடம் இருப்பது பத்து. ஏன் தேர்ச்சி தர வேண்டும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

"பத்து வாரத்துக்கு மேல் என்னிடம் இல்லை, சார். ஏன் இல்லை என்று எழுதியிருக்கிறேன். யாருடைய தவறு என்பதையும் எழுதியிருக்கிறேன். பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது கேட்பவர்களின் வழக்கம் தெரிந்து சொல்ல வேண்டும் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில்தான் கற்றேன். மீதி இரண்டு வாரமும் சிக்கலில்லாமல் போயிருந்தால் அது தெரிந்திருக்காது."

ஏழு கடவுச்சொற்களில் ஏதாவது எனக்கு முழுதாக நினைவிருக்கிறதா என்றார். இல்லை என்றேன். எட்டாவது? கார் எண்ணை மடமடவென்று சொன்னேன். அப்போதுதான் அந்த முகத்தில் சிரிப்பு உடைந்தது. என்னை வெளியே போய்க் காத்திருக்கச் சொன்னார்கள்.

நடைவழியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு லீவு போட்டு, தீபாவளிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு வந்திருந்தார். கதவு திறந்தது. மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேர்ச்சி. ஒரே ஒரு திருத்தம். முன் அத்தியாயங்களில் களப்பணிக் காலம் இன்னும் 12 வாரம் என்றே இருக்கிறது, எல்லா இடத்திலும் 10 என்று மாற்றி இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் என் தலையில் கை வைத்தார். பிறகு முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "நம்பரா?" என்றார். "நம்பர் எனக்குத் தெரியுமே."

உண்மைதான். கண்டெய்னர் எண்ணும் லோரி எண்ணும் பார்த்தே ஆயுளைக் கழித்தவர். அட்டவணைகளை நான் தாளில் வெட்டி ஒட்டியிருந்ததால் கணினியில் தேடினால் எல்லாம் கிடைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழு ஆய்வேட்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஆங்கிலப் பக்கங்களில் ஒரு சொல்கூடத் தெரியாமல், இடமிருந்து வலமாக விரலை ஓட்டி, ஒவ்வொரு 12ஐயும் வட்டமிட்டார். நான் முன்பே இரண்டு முறை தேடி முடித்திருந்தேன். எனக்குத் தப்பிய நான்கை அவர் பிடித்தார். அதில் ஒன்று அடிக்குறிப்பில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது.

அம்மா தேநீர் கொண்டுவந்து எட்டிப் பார்த்தார். "என்னா, மகளுக்குப் பரீட்சை திருத்துறீங்களா?"

"ஆமா. நெறையத் தப்பு பண்ணியிருக்கா" என்றார் அப்பா.

வட்டமிட்ட இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தேன். ஒரு தாளின் அடியில், நடுவில், பெரிய சிவப்பு வட்டம் ஒன்று தனியாக இருந்தது. அது பன்னிரண்டாம் பக்கத்தின் பக்க எண்.