தோளுக்குப் போட்ட கோடு

எங்க வீட்டுக்காரருக்கு என் தம்பி வெச்ச பேரு நிதானம். கல்யாணமான புதுசுல சட்டை எடுக்க மூணு பேருமா கடைக்குப் போனோம். இவரு ரெண்டு நீலச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்துல மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நின்னாரு. கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிட்டான். கடைசில ரெண்டுமே வேண்டாம்னு வெச்சுட்டு வந்துட்டாரு. இன்னைக்கும் மாடிப்படியில பாதி இறங்கினவரு, அடுப்பை அணைச்சோமான்னு பாக்கத் திரும்ப ஏறுவாரு. நான் கத்துவேன். கத்தி என்ன பிரயோஜனம், அவரு ஏறி முடிச்சிருப்பாரு.

அந்தக் குணத்துக்குன்னே ஒரு வேலை கிடைச்சுது. ஸ்டுடியோல வீடியோ வெட்டி ஒட்டிக்கிட்டிருந்தவரை, கால்பந்து மேட்சுக்குக் கோடு போடக் கூப்பிட்டாங்க. மைதானத்துல இல்ல, அதுக்கு ரொம்ப தள்ளி, ஜன்னலே இல்லாத ஒரு ரூம்ல. சுவரெல்லாம் டிவி, பக்கத்துல ஒரு வீடியோ ரெஃப்ரி. கோல்ல சந்தேகம் வந்தா, பாஸ் கொடுக்கறவன் கால் பந்துல படற அந்த ஒரே படத்துல வீடியோவை இவரு நிறுத்தணும். அப்புறம் எதிர் டீமோட கடைசித் தடுப்பு ஆளுக்கு ஒரு கோடு, கோல் போட ஓடறவனுக்கு ஒரு கோடு. ஓடறவன் நூலளவு முன்னாடி இருந்தாலும் ஆஃப்சைடு, கோல் செல்லாது. தீர்ப்பு சொல்றது ரெஃப்ரிதான். ஆனா படத்தை நிறுத்தறதும் கோட்டை வெக்கறதும் இவரு கை.

யாரு கோடு போடறாங்கன்னு வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிப்பு. சொந்தபந்தத்துக்கெல்லாம் டிவி கம்பெனில கேமரா வேலைன்னு சொல்லி வெச்சோம். எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல. எனக்குக் கால்பந்துன்னா துணி, அவ்வளவுதான். மாடியில வீடு, கீழ என் சலவைக்கடை. எங்க ஊர் டீமுக்குப் பச்சை நிறம். தெருவுல பாதிப் பேரோட பச்சை ஜெர்சி என் இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலதான் போகும்.

சீசனோட கடைசி மேட்சு வந்துச்சு. பச்சை டீம் ஜெயிக்கலன்னா கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிடுவாங்க. அந்த ரூம்ல அன்னைக்கு உக்கார வேண்டியவருக்குக் காய்ச்சல். பாத்துப் பாத்து எங்க நிதானத்தைக் கூப்பிட்டாங்க, என் தலையெழுத்து. ஆட்டம் முடியப் போற நேரத்துல பச்சை டீம் ஒரு கோல் போட்டுது. தெரு அதிர்ந்த அதிர்வுல என் கடைக் கண்ணாடி கிணுகிணுத்துச்சு. அப்புறம் கோல்ல சந்தேகம்னு டிவியில வந்துச்சு, எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஓடினவன் தோள் ஒரு விரல் அகலம் முன்னாடியாம். கோல் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, பச்சை டீம் கீழ்ப் பிரிவுக்குப் போயிடுச்சு.

அவரு வீட்டுக்கு வந்தப்ப மூஞ்சில ஈயாடல. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாரு, போட்டோமான்னு திரும்பப் போய்ப் பாத்தாரு.

"என்னதான் ஆச்சு? வாயைத் தொறந்து சொல்லுங்க."

"ஒரு படத்துல கால் பந்தைத் தொட்ட மாதிரி இல்ல. அடுத்த படத்துல பந்து ஏற்கெனவே அமுங்கியிருக்கு. நான் ரெண்டாவதை எடுத்தேன்."

"சரி, அதுல என்ன?"

"முதல் படத்துல காலுக்கும் பந்துக்கும் நடுவுல மங்கலா இருக்கு. இடைவெளியா, இல்ல தொட்டுட்டானான்னு தெரியல. அதை எடுத்திருந்தா கோல். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அவன் ஒரு கை அகலம் ஓடிடறான்."

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ரெஃப்ரிதானே சொன்னாரு, நீங்க ஏன் செத்துச் செத்துப் பொழைக்கறீங்க?"ன்னு கேட்டேன். அவரு ஒரு காலுறையை உருண்டையாச் சுருட்டி என் முன்னாடி போட்டு, உதைக்கச் சொன்னாரு. போன்ல அதை எடுத்து, ஒவ்வொரு படமா நகத்தி, எதுல உன் கால் பட்டுச்சுன்னு கேட்டாரு. இதுலன்னேன். இல்ல, இதுக்கு முந்தினதுன்னேன். "உன் காலு. உனக்கே சொல்லத் தெரியல பாரு"ன்னாரு. நான் போனைப் பிடுங்கி, முதல்லேருந்து திரும்ப நகத்திப் பாத்தேன்.

மறுநாள் காலையில தெரு மூலையில பேக்கரி வெச்சிருக்கறவரு என் கடைக்கு வந்தாரு. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். தேய்ச்சு வெச்ச ஜெர்சியை என் பக்கமே தள்ளி விட்டாரு.

"இனிமே இதை யாரும்மா போடறது? தரை துடைக்க வெச்சுக்க. மைதானத்து ரெஃப்ரி வீட்டு ஜன்னலை நேத்தே கல்லால அடிச்சுட்டாங்களாம். கோடு போட்டவன் இந்த ஊர்லதான் இருக்கானாம். பேரு எப்படியும் வெளிய வந்துடும், அப்ப இருக்கு அவனுக்கு."

நான் தலையாட்டினேன். அவரு போனதும் பாத்தா, பெட்டிக்கு அடியில யாரோட காலரோ தீஞ்சு கிடக்கு.

மத்தியானம் சாப்பிடற நேரத்துக்கு என் தம்பி வந்தான். பஸ் டிப்போ மெக்கானிக். பச்சை டீம்னா உசுரையே விடுவான். கீழ அவனோட கூட்டாளிங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. தட்டைப் போட்டு உக்காந்தவன் போனை இவரு முன்னாடி நீட்டினான்.

"மாமா, கேமரா ஆளு நீங்க. நீங்க சொல்லுங்க, இது தப்புதானே? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த ஆளு வீடு எங்கன்னு இன்னைக்கே தேடிப் பிடிச்சுடறோம்."

"முதல்ல சாப்பிடுடா"ன்னு நான் அதட்டினேன்.

"இரு அக்கா. பாருங்க மாமா, கோடு போடறதையும் டிவியில காட்டியிருக்காங்க. தோளைத் தாண்டிப் போகுது, நிக்குது, அப்புறம் கொஞ்சம் பின்னாடி வருது. நூறு தடவை பாத்துட்டேன். கை நடுங்குது அவனுக்கு, திருட்டுப் பய."

இவரு வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம். தலையை ஆட்டிட்டு விட்டிருக்கலாம். ஆனா தோள்னு ஒருத்தன் சொன்னா எங்க நிதானத்துக்குப் பொறுக்காது. கையைத் துடைச்சுக்கிட்டு போனை வாங்கினாரு. "தோள்னா மேல இருக்கற எலும்பு இல்லடா, சட்டைக்கை எதுவரைக்கும்னு பாக்கணும்"னு சொல்லி, விரலைப் படத்து மேல வெச்சு நகத்தினாரு. விரல் தாண்டிப் போச்சு. நின்னுச்சு. கொஞ்சம் பின்னாடி வந்துச்சு. சுவத்துல படம் மாட்டறப்பவும் அவரு அப்படித்தான், தாண்டிப் போய்த்தான் திரும்பி வருவாரு.

தம்பி மெல்றதை நிறுத்தினான். விரலையும் போனையும் மாத்தி மாத்திப் பாத்தான்.

"மாமா, இன்னொரு தடவை காட்டுங்க."

இவருக்குப் புரிஞ்சு போச்சு. வேற மாதிரி போட்டுக் காட்டுங்களேன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். அவரு திரும்ப வெச்சாரு. விரல் தாண்டிப் போச்சு, நின்னுச்சு, பின்னாடி வந்துச்சு.

தம்பி ரொம்ப மெதுவாக் கேட்டான். "சரியாத்தான் போட்டீங்களா?"

ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்னு அவரு முழங்காலை மேசைக்கு அடியில அமுக்கினேன்.

"தெரியலடா"ன்னாரு.

தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட அவன் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. கீழயிருந்து குரல் வந்துச்சு. "என்னடா சொல்றாரு உங்க மாமா?"

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். ஓடிப் போய் அவன் ஜெர்சியோட ஓரத்தைப் பிடிச்சேன், நான் தேய்ச்சுக் கொடுத்த ஜெர்சிதான். அவன் என்னைத் திரும்பிப் பாக்கல.

"கோடு சரிதானாம். போங்கடா, போய் வேலையைப் பாருங்க."

பாதிச் சாப்பாட்டோட கையைக் கழுவினான். வாசல்ல நின்னு, "அக்கா, நான் வரேன்"ன்னான். இவரு தட்டுக்கு முன்னாடி நிமிர்ந்து உக்காந்து, தனக்கும் ஒரு வார்த்தை சொல்லுவான்னு காத்துக்கிட்டிருந்தாரு. கதவு சாத்தற சத்தம்தான் கேட்டுச்சு.

இப்பவும் வரான். உக்காந்து சாப்பிடறான், என்னை அக்கான்னு கூப்பிடறான். இவரை மாமான்னும் கூப்பிடறதில்ல, நிதானம்னும் கூப்பிடறதில்ல. கீழ கூட்டாளிங்க நிப்பாங்க. அவன் ஏதோ சொல்ல வாயைத் தொறக்கறப்பல்லாம், நாங்க ரெண்டு பேரும் சாப்பிடறதை நிறுத்திட்டு அவன் மூஞ்சியையே பாக்கறோம்.