முன்வரிசையில் ஒரு கை

அரசியல் அறிவியல் துறையில் அவரைப் பம்பரம் மேடம் என்பார்கள். மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு அவருடையது. எந்தப் பாடத்தை எடுப்பது, படித்து முடித்து எங்கே போவது என்று கேட்டு வருபவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள். அவர் உட்காரமாட்டார். சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தபடிதான் பதில் வரும்.

"இதைப் படிச்சா என்ன வேலை மேடம் கிடைக்கும்?"

"டாக்டருக்குப் படிச்சா டாக்டர். இதுல அப்படி ஒரே கதவு கிடையாது. நாலஞ்சு இருக்கு, எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளித்தான் திறக்கணும். புள்ளியியலை மட்டும் விட்டுடாத. பயந்துக்கிட்டு எல்லாரும் அதைத்தான் விடுறாங்க. வேலைக்கு எடுக்கறவங்க அதைத்தான் கேக்கறாங்க."

அவர் வந்த பாதையும் நேரானதல்ல. முதலில் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்தார். நாய் துரத்திய தெருக்கள் இன்றும் அவருக்கு மனப்பாடம். பிறகு பத்திரிகையில் பிழை திருத்தினார். நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் புகார்களைப் பிரித்து அடுக்கினார். அதிகாரப் பகிர்வு என்றால் என்னவென்று சாக்கடைப் புகார்களைப் படித்தபோதுதான் விளங்கியது என்பார். அதனால் துறைக்கு வந்ததும் ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வார்டுக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போய், கண்டதைக் கட்டுரையாக எழுத வேண்டும். நகரமன்றச் செயலாளரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு வருஷம் அலைந்தார்.

"பின்னால பதுங்காதீங்க. முன்வரிசையில உக்காருங்க" என்று சொல்லி அனுப்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாணவி ஒருத்தி வந்து, உட்காராமல் கதவருகிலேயே நின்றாள்.

"மேடம், பஸ் நிறுத்தத்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு மாத்தறதுக்கு நேத்து ஓட்டெடுப்பு நடந்துச்சு."

"தெரியும். ஒரு ஓட்டுல ஜெயிச்சுது."

"நான் கை தூக்கிட்டேன் மேடம்."

பம்பரம் நின்றது. "நீ அந்த வார்டே இல்லையே."

"இப்ப இருக்கற நிறுத்தத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு மேட்டுல ஏறி வர்ற கஷ்டத்தை வயசானவங்க சொன்னாங்க. கை தானா போயிடுச்சு. என்னையும் சேர்த்து எண்ணிட்டாங்க. இறக்கறதுக்குள்ள கைதட்டல் வந்துடுச்சு. வெளிய சொன்னா என் பாடம் போயிடுமா?"

உன் பாடம் மட்டுமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். செயலாளர் காதுக்குப் போனால் ஏற்பாடே போய்விடும். முன்வரிசையில் உட்காரச் சொன்னவரும் மேடம்தான். அங்கே என்ன செய்யக் கூடாது என்று சொன்னதில்லை.

"திங்கக்கிழமை வா."

சனிக்கிழமை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணிகளைக் கலைத்து மறுபடி மடித்தார்.

"அடுப்பை எத்தனை தடவை துடைப்ப?" என்றார் கணவர். அவர் அந்த நிறுத்தம் இருக்கும் வழித்தடத்தில்தான் பேருந்து ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும், "கால்ல கட்டோட இறங்கி நடக்கறவங்களை நான் தினம் கண்ணாடியில பார்க்கறேன். நல்லதுதானே நடந்திருக்கு, விட்டுடேன்" என்றார்.

"பழைய நிறுத்தத்துல பழக்கடை வச்சிருக்கறவருக்கு?"

"கெட்டிக்காரர். பொழைச்சுப்பார்."

"அதை அவர் சொல்லணுங்க."

"அப்ப முடிவு பண்ணிட்ட. அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆனால் மேடம் முடிவு செய்திருக்கவில்லை. ஞாயிறு காலை பழைய நிறுத்தத்தில் இறங்கி, மருத்துவமனைவரை நடந்து பார்த்தார். பாதி மேட்டில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அந்த இடத்தில் தோன்றியது. திரும்பி வந்து பழக்கடையில் ஆரஞ்சு கேட்டார்.

"அடுத்த மாசம் நான் இங்க இருக்கமாட்டேம்மா" என்றார் கடைக்காரர். "ஒரே ஒரு ஓட்டு. என் தம்பி பல்வலின்னு கூட்டத்துக்கு வரல. அவன் வந்திருந்தா இந்தக் கதியே இல்ல. அன்னியிலேர்ந்து அவன்கூட நான் பேசறதில்ல."

ஆரஞ்சை வாங்காமலே பம்பரம் மேடம் கிளம்பிவிட்டார்.

திங்களன்று செயலாளர் அறை வாசலில் மாணவி கெஞ்சினாள். "நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"கூடவே நிக்கறேன். கை உன்னோடது, நீதான் சொல்லணும்."

அவள் சொன்னாள். செயலாளர் மேடத்தைத்தான் பார்த்தார். "ஒரு வருஷம் என் பின்னாலயே அலைஞ்சீங்களே, இதுக்குத்தானா?"

"முன்னால உக்காரச் சொன்னது நான். அவளைத் தனியா திட்டாதீங்க."

ஓட்டெடுப்பு ரத்தானது. மாணவர்கள் கூட்டங்களுக்கு வரவும் தடை விழுந்தது. மாணவி அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மறு கூட்டத்துக்குப் பழக்கடைக்காரர் தம்பியை முன்னால் விட்டு, பாதித் தெருவையே கூட்டிவந்தார். தீர்மானம் படுதோல்வி அடைந்தது. மேடமும் மாணவியும் வெளியே சன்னலோரம் நின்று பார்த்தார்கள்.

"நாம பேசாம இருந்திருந்தா பஸ் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னிருக்கும்" என்றாள் மாணவி.

"நின்னிருக்கும்."

செயலாளர் வெளியே வந்தார். "மறைக்காம வந்து சொன்னீங்க, அதனால அடுத்த கூட்டத்துலேர்ந்து பசங்களை அனுப்புங்க. ஆனா நாற்காலி கிடையாது. சுவரோரமா கையைக் கட்டிக்கிட்டு நிக்கட்டும்."

பழைய நிறுத்தத்துக்குக் கணவர் ஓட்டிவந்த பேருந்து வந்தது. ஊன்றுகோலோடு ஒரு முதியவர் இறங்கி மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். மேடம் ஏறினார்.

"ஏற்பாடு பொழைச்சுதா?"

"பொழைச்சுது."

"திருப்தியா?"

"இல்ல."

"சரி, உக்காரு. வண்டியை எடுக்கணும்."

இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேட்டில் நடப்பவர் மறையும்வரை பின்பக்கமே பார்த்தபடி நின்றார்.