மாமாவின் நாக்கும் கசப்புத் தாளும்

நான் வேலை செய்வது ஒரு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், பிறப்புரிமையியல் துறையில். வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு அம்மா இதை "ரத்தத்துல ஜாதகம் பாக்குற வேல" என்று சொல்லி வைத்திருக்கிறார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. ஒருவருடைய ரத்தத்தைப் பார்த்து அவர் பிள்ளைக்கு என்ன வரலாம் என்று சொல்கிற வேலைதான் என்பதால், அம்மா சொல்வதில் பெரிய பிழையும் இல்லை.

ஆராய்ச்சி போக, முதலாம் வருட மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பும் எடுக்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது கசப்புத் தாள். சின்னப் போத்தலுக்குள் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட தாள், அதில் துளியளவு இரசாயனம். நாக்கில் வைத்தால் சிலருக்கு வேப்பெண்ணெய் மாதிரிக் கசக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. தாய் தகப்பனிடமிருந்து வந்த பரம்பரை அலகுகள் செய்கிற வேலை அது. ஒருவன் முகம் கோணித் தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடுவதையும், பக்கத்தில் இருப்பவன் இவனுக்கு என்ன ஆகிவிட்டது என்று பார்ப்பதையும் வருடா வருடம் பார்க்கிறேன். எனக்கு அலுத்ததே இல்லை.

எங்கள் பேராசிரியை சிங்களவர். தமிழ் கொஞ்சம்தான் பேசுவார், ஆனால் நிறைய விளங்கும். தலசீமியா என்ற இரத்தக் குறைபாடு குடும்பங்களில் எப்படி வருகிறது என்று பார்க்கும் ஆய்வை எங்கள் தோட்டத்திலும் செய்ய முடிவானபோது, "ஆட்கள் வருவார்களா?" என்று என்னிடம் கேட்டார். ஊசி குத்துவதற்கென்றால் வரமாட்டார்கள், கசப்புத் தாளைக் கொண்டுபோய் ஒரு விளையாட்டுக் காட்டினால் வருவார்கள் என்றேன். நல்ல யோசனை என்றார். உண்மையான காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

உண்மையான காரணம் என் தாய்மாமா. தோட்டத்து பெக்டரியில், கொழுந்து தேயிலையாவதை மேற்பார்க்கிற டீமேக்கர் அவர். லயத்தில் பிறந்து அந்த வேலைக்கு வந்தவர் என்று ஊருக்கே அவர்மேல் மரியாதை. அவருக்கோ தன் நாக்கின்மேல் மரியாதை. யார் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வார். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று வாழ்த்துச் சொல்ல வந்தவர், என் கையால் கொடுத்ததைக் குடித்துவிட்டு, "படிப்பு வந்திருச்சு, தேத்தண்ணிதான் வரலம்மா" என்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புள்ளக்காம்பராவில் மேசை போட்டோம். வேலை நாட்களில் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. சுவரெல்லாம் முயலும் மாம்பழமும். ஒரு மூலையில் ரத்தம் எடுக்கும் தாதியும், பக்கத்தில் பதிவுப் புத்தகத்தோடு பேராசிரியையும். மறு மூலையில் நானும் போத்தலும். நான் சொன்னது போலவே தாதியிடம் ஒருவரும் போகவில்லை, என்னைச் சுற்றிக் கூட்டம். ஒரு கங்காணி முகத்தைச் சுளித்து, "மருந்துக்கட வெச்சிருக்கியா புள்ள?" என்றார். மாமாவின் மகள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் வாயில் வைத்த உடனே வெளியே ஓடித் துப்பினாள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

பிறகு மாமா வந்தார். சுவெட்டரும் காலில் பளபளக்கும் சப்பாத்துமாக வந்து, தேயிலை ருசி பார்க்கிற அதே தோரணையில் தாளை வாங்கி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் முகத்தைச் சுருக்கினார்.

"கசக்குது. நல்லாத்தான் கசக்குது."

"எந்த மாதிரிங்க மாமா?"

"கொஞ்சம் கருகுன மாதிரி."

இன்னொரு போத்தலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். "இது வேற மாதிரி. இதையும் பாருங்க."

வைத்தார். "சீ, இது அதவிட மோசம்" என்றார். நெஞ்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது போத்தலில் இருப்பது வெறும் தாள். ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்க வகுப்பிலும் அதை வைத்திருப்போம். நான் அந்தப் போத்தலைத் தூக்கிப் பிடித்து, "இதுல ஒண்ணுமே இல்லங்க. நம்ம டீமேக்கர் மாமாவுக்குக் கசப்பே தெரியாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

புள்ளக்காம்பரா கூரை அதிரச் சிரித்தார்கள். மாமாவும் ஒரு மாதிரிச் சிரித்து வைத்தார். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றி தலைக்கேறியதில் பாடமே நடத்தத் தொடங்கிவிட்டேன்.

"இது பரம்பரையா வர்றது. கசப்புத் தெரியாத ஆணும் கசப்புத் தெரியாத பொண்ணும் கட்டிக்கிட்டா, புள்ளைங்களுக்கும் தெரியாது. இதுதான் விதி."

பின்னால் நின்ற அத்தை, மாமாவின் மனைவி, தன் பங்குக்கு வாங்கி வாயில் போட்டிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணும் தெரியலயே" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. பிறகுதான் எல்லாரும் வாசலைப் பார்ப்பதைக் கண்டேன். அங்கே மாமாவின் மகள் இன்னும் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன விதிப்படி அவள் இவர்கள் இருவருக்கும் பிறந்திருக்க முடியாது. யாரோ ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு குடும்பத்தை ஒரு வசனத்தால் நடுச்சபையில் நிறுத்திவிட்டேன்.

பேராசிரியை எழுந்து வந்தார். தன் தமிழில், எல்லாரையும் பார்த்து, "இவங்க சொன்னது பிழை. பாதிதான் சரி. புள்ளைக்குத் தெரியும், அம்மா அப்பாவுக்குத் தெரியாது, அப்படியும் இருக்கும். நான் இவங்களுக்கு மார்க் குடுக்க மாட்டேன்" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "வாயில் என்ன?" என்று கேட்டார்.

"வெத்தலங்க மேடம்."

"புகையிலை?"

"கொஞ்சம்தான்."

பேராசிரியை குழாயைக் காட்டினார். அத்தை போய்த் துப்பி, ஆற அமரக் கொப்பளித்து வந்து புதுத் தாள் ஒன்றை வைத்தார். அடுத்த நொடி என் முதுகில் ஒரு அடி விழுந்தது. "எமன் கசப்பு. இதத்தான் படிக்க அனுப்பினோமா ஒன்ன?"

அந்த அடியைப் போல் ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. கூட்டம் மறுபடி சிரித்தது. அத்தை மாமாவைப் பார்த்து, "கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து என் கொழம்புக்குக் கொற சொன்ன நாக்கு இதுதானா?" என்று கேட்டார். மாமா நேரே தாதியிடம் போய், சுவெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் போக அப்போது வேறு இடம் இருக்கவில்லை. டீமேக்கரே உட்கார்ந்துவிட்டார் என்றதும் அவர் பின்னால் வரிசை நீண்டது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே ஊசி முடிந்துவிட்டது.

புறப்படும்போது மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "இது தோட்டத் தொரைக்குத் தெரிஞ்சா என்னய பெக்டரியில வெச்சிருப்பாங்களா?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தத் தாளின் கசப்பு ஒரே ஒரு தனி வகை, தேயிலையின் கசப்பைப் பிடிக்க நாக்கில் வேறு பொறிகள் உண்டு, அவருடைய வேலைக்கு ஒன்றும் வராது என்று விளக்கினேன். "சத்தியமா?" என்றார். சத்தியம் செய்தேன். மன்னிப்பும் கேட்டேன். "சரி விடு. நீயும் என்னய மாதிரிதான், தெரிஞ்சத காட்டாம இருக்க முடியாது" என்றார்.

திரும்பும் வழியில் வேன் தலவாக்கலையைத் தாண்டியது. பேராசிரியை சிங்களத்தில், "அத்தையின் வாயில் வெற்றிலை இல்லாமல், உண்மையிலேயே அவருக்குக் கசப்புத் தெரியாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டார்.

"விதிக்கு விலக்கும் உண்டு என்று சொல்லியிருப்பேன்."

"நான் சொன்னேனே. எத்தனை பேர் நம்பினார்கள்? ஊர் உன் விதியை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கும்."

அந்த வாரமே எங்கள் துறையில் ஒரு ஒழுங்கு வந்தது: ஒரே குடும்பத்து ஆட்களுக்கு ஒன்றாக வைத்து எந்தச் சோதனையும் செய்து காட்டக் கூடாது. எழுதி ஒட்டியது நான்தான்.

சில மாதம் கழித்து, இரத்த முடிவுகளைச் சொல்ல மறுபடி தோட்டத்துக்குப் போனோம். நோயில்லாமல் குறைபாட்டை மட்டும் உடம்பில் சுமக்கிறவர்களுக்கு, அதைத் தனியே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். மாமா தானாகவே வந்து புள்ளக்காம்பரா வாசலில் நின்றுகொண்டார். யாரும் கேட்காமலே வரிசையை ஒழுங்குபடுத்தினார். "ஒவ்வொருத்தரா போங்க. உள்ள சொல்றது உங்களுக்கு மட்டுந்தான். வெளிய வந்து யாரும் யாரையும் கேக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பைல்களோடு உள்ளே நுழையப் போனேன். மாமா கையை நீட்டி மறித்தார்.

"உள்ள ஆள் இருக்காங்க."

"மாமா, நான் இங்க வேல செய்றவ."

"மேடம் கூப்பிட்டா போகலாம். அதுவரைக்கும் அந்த வாங்குல இரும்மா" என்றார்.

சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெண்கள் எனக்காக நகர்ந்து இடம் விட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.