கரண்ட்டு எங்கேர்ந்து வருதுன்னு பாக்க சிவசமுத்திரம் போன கதை

சிவசமுத்திரம் போறவங்க எல்லாம் அருவி பாக்கப் போவாங்க. நான் போனது என் மச்சான் ஏழுமலைக்காக. என் பொஞ்சாதி கன்னியம்மாவோட தம்பி அவன். எழுபத்திமூணு, மாசி மாசம். அப்ப எனக்கு முப்பத்திநாலு வயசு, தலையில முடியும் இருந்துச்சு. நம்புங்க.

கோலார் தங்க வயல்ல நான் லேம்ப் ரூம்ல வேலை. சுரங்கத்துல எறங்கறவனுக்குத் தலையில மாட்டற லைட்டு குடுக்கறது, மேல வந்தா திருப்பி வாங்கி சார்ஜ் போடறது. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு நம்பர், ஒரு கொக்கி. ஷிப்ட் முடிஞ்சும் கொக்கி காலியா கீதுன்னா, அந்த நம்பர்காரன் இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ். ஆனா காலிக் கொக்கியப் படிக்கறதுல எம்.ஏ.

அந்த வருசம் மழை ஏமாத்திடுச்சு. மைசூர் ஸ்டேட்டு பூரா கரண்ட்டு வெட்டு. தை மாசம் ஒரு நாள், சுரங்கத்துக்குள்ள எறங்கற எங்க ஷாஃப்ட்லயும் போச்சு. ஆளுங்கள ஏத்தி எறக்கற கூண்டு, அதான் கேஜ், பாதி வழியில நின்னுபோச்சு. உள்ள ஏழுமலை. நாப்பது நிமிசம். அவனோட கொக்கி, இருநூத்திப் பன்னெண்டு, நாப்பது நிமிசம் காலி. நான் அதையே பாத்துக்கினு நின்னேன். அவன் மேல வந்ததும் பயத்த மறைக்க, "இன்னா மச்சான், கூண்டுக் கிளிக்குப் பழம் வாங்கியாரட்டா?"ன்னேன். சுத்தி இருந்தவன் எல்லாம் சிரிச்சான். அவன் சிரிக்கல.

அடுத்த வாரமே அவனுக்கு அடி லெவல்ல பம்ப்பு வேலை வந்துச்சு. சம்பளம் கூட. ஆனா யோசிச்சுப் பாருங்க. கீழ பாறையில தண்ணி ஊறிக்கினே இருக்கும், பம்ப்பு எறைச்சிக்கினே இருக்கணும். கரண்ட்டு போனா பம்ப்பு நிக்கும், காத்து குடுக்கற ஃபேன் நிக்கும், மேல வர கேஜும் அசையாது. திங்கக்கெழமை காலையில சரியா, வேணாமான்னு சொல்லணும்.

எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை உண்டு. சிவசமுத்திரத்துலேர்ந்து வர கம்பி எங்களோடது. தொண்ணூத்திச் சில்லறை மைலு. பெங்களூர்லயே வெளக்கு எரியாத காலத்துல எங்க சுரங்கத்துக்குன்னு இழுத்த கம்பி. அதனால காவேரியில தண்ணி இருந்தா எங்களுக்குக் கரண்ட்டு இருக்கும். அவ்ளோதான் எங்களுக்குத் தெரிஞ்ச விஞ்ஞானம். ஆனா தண்ணி இருக்குதான்னு கேட்டா டீக்கடையில ஒருத்தன் ஆறே வத்திப்போச்சுங்கறான், இன்னொருத்தன் கரை பொரண்டு போவுதுங்கறான்.

ஏழுமலை சொன்னான்: "மாமா, நீயே போய்க் கண்ணால பாத்துட்டு வா. தண்ணி இருந்தா எறங்கறேன். இந்த ஒரு தபா மட்டும் வெளையாடாத."

கன்னியம்மா அடுப்பாண்டேர்ந்தே கத்துனா: "எந்தம்பி விசயத்துல நக்கலு பண்ணே, அப்புறம் சோத்துல உப்பு இருக்காது!"

சனிக்கெழமை லீவு போட்டேன். எங்க ஊரு கோரமண்டல் ஸ்டேசன்ல காலையில அஞ்சு பத்துக்கு வண்டி. பங்காருபேட்டை பன்னெண்டு பதிமூணு கிலோமீட்டரு, முக்கா மணி நேரம். அங்க மாறி பெங்களூருக்கு எட்டே முக்கா. டிக்கெட்டு ரெண்டு ரூபா நாப்பது காசு. ஜன்னலோரம் உக்காந்தவங்க எல்லாம் வெளிய வயலு பாத்தாங்க. நான் கரண்ட்டுக் கம்பத்தப் பாத்தேன். எவ்ளோ கம்பம்! முன்ன ரெண்டு வரிசை போன எடத்துல இப்ப ஆறு வரிசை. தொழிற்சாலை வாசல் ஒவ்வொண்ணுலயும் பெட்டி பெட்டியா டிரான்ஸ்பார்மரு. நாடு முன்னேறுதுன்னு சந்தோசப்பட வேண்டியதுதான். எனக்கு என்னவோ, ஒரே பானையச் சுத்திப் பந்தியில ஆளு ஏறிக்கினே போற மாதிரி இருந்துச்சு.

பெங்களூர்ல பத்து மணிக்கு மைசூர் வண்டி. எம்பது கிலோமீட்டர்ல மத்தூரு, பன்னெண்டேகால். எறங்கி வடை துன்னேன், ஒண்ணு இருபது காசு. மூணு துன்னேன். கவலையில எனக்குப் பசி ஜாஸ்தி. அங்கேர்ந்து பஸ்ஸு மளவள்ளிக்கு தொண்ணூறு காசு, மளவள்ளியிலேர்ந்து சிவசமுத்திரத்துக்கு எம்பது காசு. சாயங்காலம் மூணரைக்கு ககனசுக்கி அருவி எதுக்கால நின்னேன்.

அருவியக் காணோம்.

கறுப்புப் பாறை, அதுல அங்கங்க வெள்ளைக் கோடு மாதிரி தண்ணி. என் வீட்டுக் கொழா இதவிட வேகமா ஊத்தும். மச்சானுக்கு வேணாம்னு சொல்லிடலாம், இப்பவே திரும்பிடலாம்னு பாத்தேன். பக்கத்துல வெள்ளரிக்கா விக்கற பொம்பள கன்னடத்துல சிரிச்சா: "மாசியில வந்து அருவி கேட்டா? தண்ணி எல்லாம் கால்வாயில போவுது. பவர்ஹவுசுல போய்ப் பாருங்க."

பவர்ஹவுசு பள்ளத்துல கீது. மேலேர்ந்து கீழ எறங்க ரெயிலு மாதிரி தண்டவாளம், அதுல ஒரு டிராலி, இரும்புக் கயிறு கட்டி எறக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க ஊரு சுரங்கத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு. அந்தக் கயித்தச் சுத்தி விடற விஞ்ச் ஓட்டறவர் ஒரு பெரியவரு. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரர்.

"யாருப்பா? உள்ள விடமாட்டாங்க."

நான் மொகத்த இறுக்கி வெச்சிக்கினு, "கோலார் தங்க வயல்லேர்ந்து வரேன். நீங்க அனுப்பற கரண்ட்டு ஒழுங்கா வருதான்னு பாக்க அனுப்பியிருக்காங்க"ன்னேன்.

அவரு என் செருப்பப் பாத்தாரு. அப்புறம் கையில இருந்த மஞ்சப் பைய. "அனுப்பினது யாரு, உன் சம்சாரமா?"

அசந்துட்டேன். உண்மையச் சொன்னேன். மச்சான், கேஜ், நாப்பது நிமிசம், எல்லாம். அவரு டிராலியக் கை காட்டினாரு. "ஏறு. கயித்துக்குத்தான் பயப்படுவன்னு பாத்தா, நீ கயித்தாலயே பொழைக்கறவன்"னாரு.

கீழ தண்ணி இருந்துச்சுங்க. மலை மாதிரி குழாயில எறங்கி வந்து, மிசினு சுத்தி, நொரைச்சிக்கினு வெளிய ஓடுது. தரையே அதிருது. எனக்கு அழுவையே வந்துச்சு. "இருக்குது! மச்சான் எறங்கலாம்!"னு கத்துனேன். அந்த எரைச்சல்ல எனக்கே கேக்கல.

கண்ட்ரோல் ரூம்ல ஒரு ஆபரேட்டரு, என் வயசுக்காரரு, கன்னடத்துக்காரரு. பெரியவரு சொன்னதால என்ன ஓரமா நிக்க விட்டாரு. எனக்கும் கன்னடம் வரும். "சார், தண்ணி இவ்ளோ கீது. எங்க கரண்ட்டு ஏன் போவுது?"ன்னேன்.

அவரு செவுத்துல இருந்த ஒரு மீட்டர் முள்ளக் காட்னாரு. "இது உங்க தண்ணின்னு யாரு சொன்னா?"

"எங்களுக்காகத்தான சார் இத கட்னாங்க?"

"அது உங்க தாத்தா காலம். இப்ப எல்லாக் கம்பியும் ஒண்ணாக் கட்டியாச்சு. ஜோக் அருவிப் பக்கம் பெரிய டேம் கீதே, அங்க தண்ணி கம்மியானா இங்கேர்ந்து இழுப்பாங்க. பெங்களூர்ல புதுசா ஒரு ஃபேக்டரி வந்தா, ஊருக்கு நூறு பம்ப்செட்டு வந்தா, எல்லாம் இந்த முள்ளுலதான் தெரியும். இழுக்கறது ஜாஸ்தியானா முள்ளு எறங்கும், ரொம்ப எறங்கினா யாருக்காவது வெட்டணும். ஆத்தப் பாத்துட்டு வந்தியே, முள்ளப் பாரு."

ஆறு மணி ஆவறதுக்குக் கொஞ்சம் முன்ன. எங்கயோ வீடு வீடா வெளக்கு போடறாங்க போல. முள்ளு மெதுவா எறங்குது. ஆபரேட்டரு வேர்க்க ஆரம்பிச்சாரு. போன் அடிச்சுது. எடுத்தாரு, "சரி சார்"னாரு, வெச்சாரு. ஒரு கைப்பிடியத் திருப்புனாரு. டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். முள்ளு நின்னுது.

"சார், அது எங்க ஊரா?"

"இல்ல. மளவள்ளி பக்கத்துக் கிராமங்க. பம்ப்செட்டு லைனு."

"அப்பாடா"ன்னேன். சொன்ன ஒடனே வெக்கமாப்போச்சு. "எங்க ஊர எப்ப திருப்புவீங்க சார்?"

"உங்க ஊரு கைப்பிடி இங்க இல்ல. இருந்தாலும் நான் முடிவு பண்றதில்ல. போன் வரும்." சொல்லிட்டு அவரு என்னப் பாக்காம முள்ளையே பாத்துக்கினு இருந்தாரு.

அன்னிக்கு மளவள்ளி சத்திரத்துல படுத்தேன், ஒரு ரூபா. காலையில பஸ்ஸுல பக்கத்து சீட்டுல ஒரு கரும்பு வெவசாயி. நேத்து சாயங்காலம் தண்ணி பாயறப்ப பாதி வயல்ல கரண்ட்டு போச்சாம். மீதி பாதி காயுதாம். "எங்களுக்கு வெட்டிட்டு கோலார்ல தங்கம் வெட்டறவனுக்குக் குடுக்கறாங்க"ன்னாரு. அப்புறம் கேட்டாரு: "நீங்க எந்த ஊரு?"

வாயி ஓயாதவன் நான். அந்தக் கைப்பிடி திரும்புனத என் கண்ணால பாத்தவன். "வேலூருங்க"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன்.

ஞாயித்துக்கெழமை அஞ்சு மணி வாக்குல கோரமண்டல் ஸ்டேசன். ஏழுமலை சிமெண்ட்டு பெஞ்சில உக்காந்திருந்தான்.

"தண்ணி கீதா மாமா?"

"கீது."

அவன் மூஞ்சி மலர்ந்துச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். பொய்யும் இல்ல. ஆனா இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர் கொக்கி கண்ணுக்குள்ள வந்து நின்னுது. "ஆனா அதால ஒரு பிரயோஜனமும் இல்ல மச்சான்"னு சொல்லி, முள்ளு, போனு, கைப்பிடி, கரும்புக்காரரு எல்லாத்தையும் சொன்னேன்.

"வெளையாடறியா?"

"கன்னியம்மா மேல சத்தியமா இல்ல."

"அப்ப எறங்கட்டுமா, வேணாமா?"

"தெரியல."

"தெரியலன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல மாமா." வண்டி கெளம்பிப் போறதையே பாத்துக்கினு இருந்தான். அப்புறம் சொன்னான்: "கேஜ்ல நாங்க நின்ன நாப்பது நிமிசமும் கீழ ஒரு பம்ப்புக்காரன் இருந்தான். நாங்க மேல வந்து டீ குடிச்சோம். அவன ஒருத்தனும் கேக்கல. நானும் கேக்கல." எழுந்து வேட்டியத் தட்டினான். "நான் எறங்கறேன். நீ லைட்டு மட்டும் நல்லதாக் குடு."

ரெண்டு வருசம் அவன் அடி லெவல்ல இருந்தான். தெனம் இருக்கறதுலயே நல்லா சார்ஜ் ஏறின பேட்டரியப் பொறுக்கி அவன் நம்பர் ஒட்டிக் குடுப்பேன். அது தப்பு, எனக்குத் தெரியும். லேம்ப் ரூம் பல்பு கொஞ்சம் மங்கினாலும் என் கண்ணு கொக்கிக்குப் போயிடும். அந்த ரெண்டு வருசத்துல பத்து இருவது தபா மங்கிச்சு. ஒவ்வொரு தபாவும் யாரோ எங்கயோ முள்ளப் பாத்துக்கினு போன் எடுக்கறான்னு தோணும். இன்னிக்கும் தோணுது.

இப்ப போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அருவி வேணும்னா ஆடி, ஆவணியில போங்க. பாறை வழுக்கும், எறங்காதீங்க. பவர்ஹவுசுக்குள்ள விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, என்ன மாதிரி பொய் சொல்லாதீங்க, செருப்பு காட்டிக் குடுத்துடும். கரண்ட்டு எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சிக்கணும்னா மாசியில போங்க, காஞ்ச பாறையப் பாருங்க. மத்தூர்ல வடை துன்னுட்டுப் போங்க. வெலை நான் சொன்னது இல்ல, ஏறிப்போச்சு.

ஏழுமலை இப்ப பெங்களூர்ல மவன் வீட்ல, பதினோராவது மாடி. மூணு ரூம்லயும் ஏ.சி. கரண்ட்டு போயி லிஃப்ட்டு நின்னா உள்ளேர்ந்தே எனக்கு போன் பண்ணுவான்: "மாமா, கேஜ் நின்னுபோச்சு."

அப்ப மட்டும் நான் கிண்டல் பண்றதில்ல. "லைட்டு வெச்சிருக்கியா?"ன்னு கேப்பேன். அவன் மேல வந்துட்டேன்னு சொல்றவரைக்கும் போன வெக்கமாட்டேன்.