ரெண்டு யூனிட்டு

எங்கள் ஆபீசில் அன்புச்செல்விக்குப் பட்டப்பெயர் 'அப்படின்னா'. வைத்தவள் நான்தான், அதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. எதைச் சொன்னாலும் கொஞ்சம் விழித்துவிட்டு "அப்படின்னா?" என்று கேட்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? ஒருநாள் டீக்கடைக்காரர் "பால் திரிஞ்சிடுச்சும்மா" என்றார். அதற்கும் அப்படின்னா. "அப்படின்னா டீ இல்ல தாயே, போய்க்கினே இரு" என்றார் அவர்.

ஒலக்கூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அம்மா லூர்துமேரி மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிவேலை செய்கிறவர். அந்த வீட்டிலிருந்து பி.காம். முடித்து வந்து, விழுப்புரத்தில் தேவநாதன் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சின்னப் பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி., பி.எஃப். கணக்குப் பார்த்துக்கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு இந்தக் கார்பன் வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவுக்குப் போகிற இரும்புச் சாமானைச் செய்யும்போது எவ்வளவு கரும்புகை காற்றில் கலந்தது என்று கணக்குக் காட்ட வேண்டுமாம். பட்டறையில் புகையே வராவிட்டாலும், அது இழுக்கிற கரண்டுக்காக எங்கோ அனல்மின் நிலையத்தில் கிளம்புகிற புகையும் நம் தலையில்தான் விழுமாம். கணக்கு டன்னில் வர வேண்டும்.

"காத்த எப்படி சார் டன்னுல நிறுக்கறது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஷீட்டே போட்டுக்கும் செண்பகம். எக்செல்தானே" என்றார் சார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் புரியவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்புச்செல்வி விடுவாளா? ஒவ்வொரு வரிக்கும் அப்படின்னா. சாருக்குப் பொறுமை போயிற்று. "இதே மாதிரி பார்ட்டி எடத்துல போய்க் கேட்டுக்கினு நிக்காத! நாம கன்சல்டன்ட்டு. நாமளே கேள்வி கேட்டா அவன் நம்மள எதுக்குக் கூப்பிடறான்?" என்று கத்தினார். அவள் முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சார் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது.

பார்ட்டி என்பது திண்டிவனத்தில் போல்ட், நட்டு பட்டறை வைத்திருக்கும் கமாலுதீன் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். பாதி ஆயுளை சவுதியில், தம்மாமில் கழித்துவிட்டு, அங்கே சேர்த்ததையெல்லாம் இந்தப் பட்டறையில் கொட்டியிருந்தார். ஒரே கொட்டகையைக் குறுக்கே சுவர் வைத்துத் தடுத்து முன்பக்கம் பட்டறை, பக்கத்திலேயே வீடு. அவர் செய்கிற போல்ட்டு சென்னைக் கம்பெனி வழியாக ஜெர்மனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனிதான் கார்பன் கணக்குக் கேட்டது. கணக்குச் சரியாக வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போகும். ஆர்டர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். மூடினால், இந்த வயதில் பாய் மறுபடி தம்மாமுக்கு விமானம் ஏற வேண்டும். இதைச் சொன்னவர் அவர் மனைவி பல்கீஸ் பீவி. கணக்கெடுக்க நானும் அன்புச்செல்வியும் போனபோது, டீ கொடுத்து எங்களைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"புள்ளைங்க பொறந்தப்ப கூட போன்லதான் மொகத்த பாத்தாரு. இப்பதான் வீட்ல ஒரு ஆளா இருக்காரு. எப்படியாவது பண்ணிக் குடுத்துடுங்கம்மா" என்றார்.

நாங்கள் பெரிய ஆட்கள்போல் தலையாட்டினோம்.

பட்டறையில் பிரஸ் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. கரி எவ்வளவு என்று கேட்டதற்கு பாய் சிரித்தார். "கரியா? கரி அடுப்ப தூக்கிப் போட்டு நாளாச்சும்மா! இப்ப எல்லாம் கரண்டு உலைதான்" என்று கத்தினார்.

"அப்ப மாசம் எத்தன யூனிட்டு பாய்?" என்று அன்புச்செல்வியும் கத்தினாள்.

"ரெண்டு யூனிட்டும்மா!"

இரண்டு யூனிட்டா? எங்கள் வீட்டு மிக்சி இதைவிட அதிகம் இழுக்கும். இரும்பைச் சிவக்கக் காய்ச்சுகிற ஆள் இப்படிச் சொன்னால்? அன்புச்செல்வியின் உதடு 'அப்படி' வரைக்கும் வந்தது. பிறகு மூடிக்கொண்டது. "பாய் தமாஷ் பண்றாருடி, கரண்டு பில்ல வாங்கிக்கினு வா, போலாம்" என்று அவள் காதில் சொன்னேன். பில்லில் இருந்த யூனிட்டை எடுத்து ஷீட்டில் போட்டோம். ஷீட் ஏதோ ஒரு டன்னைக் காட்டியது. அது நல்லதா கெட்டதா என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. அனுப்பிவிட்டோம்.

கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து பதில் வந்தது. உங்கள் போல்ட்டுக்கு வருகிற புகை மற்றவர்களுடையதைப்போல் பல மடங்கு, இதை வைத்துக்கொண்டு தொடர்ந்து வாங்க முடியாது, திருத்தம் ஏதாவது இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள். சார் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். எங்கே தப்பு என்று ஷீட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தோம். கூட்டல் சரி. பில் சரி. டன் மட்டும் பூதமாக நின்றது. கடைசியில் வெள்ளிக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்.

நாங்கள் போனபோது பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஆட்களும் இல்லை, பட்டறை கப்சிப். வீட்டு வாசலில் பல்கீஸ் பீவி ஒரு பெரிய பெட்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பரணிலிருந்து இறக்கிய பெட்டி.

"அவரோட தம்மாம் கூட்டாளி, விசாவுக்குச் சொல்லி வெச்சிருக்காராம்" என்றார், எங்களை நிமிர்ந்து பார்க்காமல்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்புச்செல்வி பட்டறைக்குள் போய் அங்குமிங்கும் நடந்தாள். உலையைத் தொட்டுப் பார்த்தாள். மீட்டர் பெட்டி முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, எல்லாம்தான் நின்னுபோச்சே. இந்த சிவப்பு லைட்டு ஏன் இப்படி மினுக்குது?"

போய்ப் பார்த்தேன். மீட்டரில் விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மெயினை அணைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். பட்டறை மெயின் அணைந்துதான் இருந்தது.

"அது எங்க அண்ணன் யூனிட்டு ஓடுதும்மா" என்றார் பின்னாலேயே வந்த பல்கீஸ் பீவி.

"அப்படின்னா?" என்று கேட்டேவிட்டாள் அன்புச்செல்வி. சார் தடை போட்டதெல்லாம் அவளுக்கு மறந்தேபோயிருந்தது.

"ஐஸ் கம்பெனிம்மா. செவுத்துக்கு அந்தாண்ட. வாசல் பின்பக்கத் தெருவுல. ரெண்டு யூனிட்டுக்கும் ஒரே மீட்டருதான்."

ஐயோ! ராத்திரி பகலாக ஐஸ்கட்டி செய்து மீன்காரர்களுக்கு அனுப்புகிற அவர் அண்ணன் ஷேக் தாவூதின் கரண்டையெல்லாம் நாங்கள் இந்தப் போல்ட்டு தலையில் கட்டி ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறோம்.

தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்து நின்ற கமாலுதீன் பாய்க்கு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் கத்தினார். "இன்னாம்மா இது பேஜாரு! அன்னிக்கே நான் சொல்லல, ரெண்டு யூனிட்டுன்னு?"

சொன்னார்தான். முதல் நாளே, தொண்டை கிழியச் சொன்னார். பட்டறையும் ஐஸ் கம்பெனியுமாக இரண்டு என்றதை நாங்கள்தான் கரண்டு யூனிட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனோம்.

"மச்சான் பக்கம் தனியா குட்டி மீட்டர் ஒண்ணு இருக்கு. மச்சானா இருந்தாலும் பில்லு பில்லுதானே? மாசாமாசம் போட்டோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்புவாரு" என்றார் பாய்.

ஜல்தி ஜல்தியாக அத்தனை போட்டோவையும் வாங்கிக்கொண்டு, ஐஸ் கம்பெனிக் கணக்கைக் கழித்து, திங்கட்கிழமைக்கு முன்பே அனுப்பினோம். பூதமாக நின்ற டன் மளமளவென்று இறங்கியது.

சென்னைப் பதில் வந்த அன்று பல்கீஸ் பீவிக்கு வீடியோ கால் போட்டது அன்புச்செல்விதான். பெட்டி இன்னும் அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தது. பதில் இங்கிலீஷில் நீளமாக இருந்தது. இப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறோம், தணிக்கைக்கு ஆள் வரும், அதுவரை ஆர்டர் தொடரும் என்று அவள் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்.

அந்தப் பக்கம் முகம் போனுக்கு இன்னும் கிட்டே வந்தது.

"அப்படின்னா?" என்றார் பல்கீஸ் பீவி.

அன்புச்செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்படின்னா, அவர் எங்கயும் போக வேணாம்மா."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா!" என்று அதட்டினார் பல்கீஸ் பீவி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்பக்கம் திரும்பி, "என்னங்க, வந்து இந்தப் பெட்டிய பரண்ல ஏத்துங்க" என்று கூப்பிட்டார்.